தாளை நிமிர்த்தி வைக்கும் லுத்பியா

கடைசியாக நீங்கள் கையெழுத்து வைத்த காப்புறுதிப் படிவத்தை வாசித்தீர்களா? வாசித்தேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போகலாம், நான் நம்பிவிடுவேன். கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கும் லுத்பியாவிடம் மட்டும் அப்படிச் சொல்லிவிடாதீர்கள். “அப்பிடியா? ஒம்பதாவது கேள்வி என்ன, செல்லுங்க பாப்பம்” என்பார். கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தபடி காத்திருப்பார். அவருக்கு அவசரம் என்பதே கிடையாது.

கடையின் அகலம் ஒரு கட்டிலின் நீளம். முன்னால் கண்ணாடி அலுமாரி, அதற்குள் பேனாக்களும் கோப்பு உறைகளும். நடுவில் இயந்திரம். தடுப்புக்குப் பின்னால் கணவர் ஹாஷிம் புத்தகம் கட்டுகிறார். அவர் அங்கே இருப்பதைப் பசை வாசனைதான் அறிவிக்கும். நாலு கட்டடம் தள்ளி ஒரு தனியார் மருத்துவமனை. ஆகவே இந்தக் கடைக்கு வரும் தாள்களில் பாதிக்கு மேல் நோயாளிகளின் தாள்கள்: இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் அறிக்கை, மருந்துச் சிட்டை, காப்புறுதிக் கோரிக்கை, அந்தக் கோரிக்கையை மறுத்து வந்த கடிதம். பத்தொன்பது வருடமாக ஊரின் நோய்களெல்லாம் அந்தக் கண்ணாடியில் குப்புறப் படுத்து எழுந்து போயிருக்கின்றன.

கொப்பி எடுப்பதில் லுத்பியாவுக்கென்று ஒரு முறை இருக்கிறது. தாளை முதலில் இயந்திரத்தின் மூடிமேல் நிமிர்த்தி வைப்பார். வலது கை ஆள்காட்டி விரல் வரிவரியாக இறங்கி வரும். விரல் அடிக்கு வந்து, கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்த பிறகுதான் மூடி திறக்கும், தாள் கவிழும், வெளிச்சம் ஓடும். பிறகு அடுத்த தாள். “மொகத்தப் பாக்காம நான் யாரையும் கவுக்கிறல்ல” என்பது அவருடைய பழைய பகிடி. முதல் தடவை கேட்பவர்கள் சிரிப்பார்கள். வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பதில்லை.

அவர்களுக்கு எரிச்சல் வருவதில் நியாயமும் இருக்கிறது. அந்த இயந்திரத்தின் தலைமேல், கட்டுக்கட்டாகத் தாளை வைத்தால் தானே இழுத்துக்கொள்ளும் தட்டு ஒன்று உண்டு. நிமிடத்துக்கு முப்பது தாள் இழுக்கும். லுத்பியா அதன் வாயில் ஒரு பிஸ்கட் டின்னை வைத்து, மண்ணிற டேப்பால் நாலு சுற்றுச் சுற்றி ஒட்டியிருக்கிறார். டின்னுக்குள் குண்டூசியும் இஞ்சி டொபியும். “அன்ரி, இது பழுதோ?” என்று யாராவது கேட்டால், “மெஷின் பழுதில்ல, அந்த வேலதான் பழுது” என்று பதில் வரும். அதற்கு மேல் விளக்கம் வராது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை நான் அங்கே நின்றபோது ஹெவ்லொக் டவுனிலிருந்து கிருஷ்ணராஜ் என்பவர் வந்தார். கழுத்துப்பட்டி, மினுக்கிய சப்பாத்து, வாசலில் காத்திருக்கும் ஓட்டோ. தாயாருக்கு எடுக்கப்போகும் புதிய காப்புறுதிக்கான படிவத்தை அலுமாரிமேல் போட்டார்.

“எல்லாத்திலயும் ஒவ்வொண்டு, அன்ரி. கெதியா எடுத்துத் தாங்கோ, ஓட்டோ நிக்குது.”

“ஓட்டோ நிக்கட்டும். இத வாசிச்சீங்களா?”

“ஏஜென்ட் நிரப்பித் தந்தவர். அவைக்குத் தெரியும்தானே.”

விரல் இறங்கிக்கொண்டிருந்தது. “ஒங்கட உம்மாக்குப் பிரஷர் ஈக்கா?”

“அம்மாக்கோ? ஓம், பிரஷருக்குக் குளிசை போடுறவா. அதுக்கென்ன இப்ப?”

விரல் ஒன்பதாவது கேள்வியில் நின்றது. ‘இல்லை’ என்ற கட்டத்தில் நீல மையில் அழகான ஒரு சரி அடையாளம்.

“இங்க பிரஷர் இல்லையெண்டு ஈக்கி. கீழ உம்மாட கையெழுத்தும் ஈக்கி. நாளைக்கி உம்மாக்கு ஒண்டு ஆனா, பொய் சென்னது ஏஜென்ட் இல்ல. உம்மா.”

கிருஷ்ணராஜ் படிவத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். வெளியே போய் ஓட்டோவை அனுப்பிவிட்டு வந்து முக்காலியில் உட்கார்ந்தார். தடுப்புக்குப் பின்னாலிருந்து ஹாஷிமின் குரல் மட்டும் வந்தது: “நல்லா ஒக்காருங்க, மகன். நான் முப்பது வருசமா ஒக்காந்துதான் ஈக்கிறன்.”

ஹாஷிம் ஒரு நாளில் இரண்டு வசனம் பேசுவார். இரண்டும் மனைவியைப் பற்றியதாகவே இருக்கும். இந்த வாசிக்கிற வியாதி லுத்பியாவுக்கு எங்கே தொடங்கியது என்று அவரிடம் கேட்டேன். பசைத் தூரிகையால் மனைவியைக் காட்டினார். அவரே சொல்லட்டும் என்று பொருள்.

“எங்கட கலியாணத்துல,” என்றார் லுத்பியா. “பெரிய பதிவுப் புத்தகம் கொண்டு வந்தாங்க. இவர் கையெழுத்து வெச்ச, வாப்பா வெச்ச, சாச்சிகள் வெச்ச. எனக்கிட்ட யாருமே கேக்கல்ல. நான் உள்ளுக்கு ஒக்காந்து ஈக்கிறன், என்ட கலியாணம் வெளிய முடிஞ்சி பெய்த்து. அண்டைக்கி நெனச்ச, இனி எவனாச்சும் எனக்கிட்ட ஒரு கையெழுத்து கேட்டா, அவன ஒக்கார வெச்சி ஒவ்வொரு வரியா வாசிச்சிப்போட்டுத்தான் வெக்கிற எண்டு.”

“சாட்சிகள்,” என்று தடுப்புக்குப் பின்னாலிருந்து திருத்தம் வந்தது. “சாச்சிகள் இல்ல.” சாச்சி என்றால் சின்னம்மா. அது அன்றைய இரண்டாவது வசனம்.

பதினோராம் வகுப்பு, அதாவது சாதாரண தரம் வரை படித்தவர் லுத்பியா. அவருடைய ஆங்கிலம் முழுவதும் காப்புறுதிப் பத்திரங்களிலிருந்து வந்தது. ஆகவே அது ஒரு விசித்திரமான ஆங்கிலம். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரியிடம் நேரம் கேட்க வராது; ‘நொட்வித்ஸ்டாண்டிங்’ என்று தொடங்கும் பந்தி எங்கே முடிகிறது, முடியும்போது நோயாளியிடமிருந்து எதைப் பறித்துக்கொண்டு போகிறது என்பது தண்ணீர்பட்ட பாடு. சட்டத்தரணி ஒருவர் ஒருமுறை அங்கே கொப்பி எடுக்க வந்து, தான் கொண்டுவந்த பத்திரத்தின் பதினான்காம் பந்திக்கு அவரிடம் பொருள் கேட்டுப் போனதை நானே பார்த்தேன்.

அவர் ஐந்து நேரமும் தொழுகிறவர். நான் எதையும் ஆதாரம் கேட்டு நம்புகிறவன். லுஹர் தொழுகைக்கு இயந்திரத்தை நிறுத்திவிட்டு உள்ளே போகும்போது, “காத்திருங்க, ஒங்களுக்கும் சேத்துக் கேட்டுப்போட்டு வாரன்” என்பார். காப்புறுதி முகவர்கள் வருடப் பிறப்புக்குக் கொடுக்கும் நாட்காட்டியில் எல்லா மதத்துக் கடவுளருக்கும் ஒவ்வொரு மாதம் ஒதுக்கி, அடியில் ‘நம்பிக்கையே எங்கள் மூலதனம்’ என்று போட்டிருந்ததைக் காட்டி நான் ஒருநாள் பொரிந்து தள்ளினேன். முழுவதும் கேட்டார். “நீங்க அல்லாஹ்வ நம்பாட்டிப் பரவாயில்ல, அது ஒங்களுக்கும் அவனுக்கும். ஏஜென்ட நம்பாதீங்க” என்றார். பகுத்தறிவைப் பற்றி நான் வாசித்த பல தடித்த புத்தகங்கள் இவ்வளவு தெளிவாக முடிந்ததில்லை.

அந்தப் பிஸ்கட் டின்னுக்கு வருகிறேன். போன வருடம் வரை அது அங்கே இருக்கவில்லை.

பாக்கியலெட்சுமி கொச்சிக்கடையில் குடியிருப்பவர். நாற்பத்தாறு வயது. அலுவலகக் கட்டடம் ஒன்றைக் கூட்டித் துடைக்கும் வேலை. கணவர் வேலுசாமி துறைமுகத்தை ஒட்டிய பண்டகசாலையில் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறார். இருவருடைய பெற்றோரும் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்தவர்கள். பாக்கியலெட்சுமிக்கு இதய வால்வு ஒன்று சுருங்கிவிட்டது. “மாடிப்படியில காலு வச்சா, மூச்சு எனக்கு முன்னாடியே ஏறிப் போயி நின்னுக்கிதுங்க” என்பார் சிரித்துக்கொண்டு. சத்திரசிகிச்சை செய்ய வேண்டும். அரச மருத்துவமனையின் வரிசையில் அவருடைய இலக்கம் வர ஒரு வருடத்துக்கு மேலாகும். அவ்வளவு காலம் பொறுக்க வேண்டாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஆறு வருடத்துக்கு முன், வேலை செய்யும் இடத்துக்கு வந்த முகவர் ஒருவரிடம் தன் பெயரில் ஒரு மருத்துவக் காப்புறுதி எடுத்திருந்தார். ஒரு மாதமும் தவறாமல் கட்டினார். அதற்காகத்தானே கட்டியது?

கோரிக்கை போனதும் நிறுவனம் ஒரு கடிதம் அனுப்பியது: இதற்கு முன் பெற்ற எல்லாச் சிகிச்சைகளின் பதிவுகளையும் அனுப்புக. எதையும் ஒளிக்கத் தெரியாதவர்கள் இப்படியான கடிதத்துக்கு எப்படிப் பதில் சொல்வார்கள்? வீட்டில் நோய் என்ற பெயரில் இருந்த எல்லாத் தாளையும் ஒரு பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு பாக்கியலெட்சுமி வெள்ளவத்தைக்கு வந்தார். மகள் பிறந்தபோது போட்ட தடுப்பூசி அட்டைகூட அதற்குள் இருந்தது.

அன்று மின்வெட்டு. பத்தரைக்கு மின்சாரம் போகும் என்று அறிவித்திருந்தார்கள். கடையில் ஏழு பேர். மணி பத்து இருபது. கடை திறந்த நாளிலிருந்து வாசிக்காமல் ஒரு தாளைக் கவிழ்க்காத லுத்பியா, அன்று மட்டும் அந்தக் கட்டை அப்படியே மேல் தட்டில் வைத்துப் பொத்தானை அமுக்கினார். இயந்திரம் ஒரே மூச்சில் விழுங்கிவிட்டது.

“முப்பத்தொரு தாள்,” என்கிறார் இப்போதும். “ஒண்டட மொகத்தயும் நான் பாக்கல்ல.”

அந்தக் கட்டுக்குள் ஒரு மஞ்சள் அட்டை இருந்தது. கொச்சிக்கடையில் ஒரு பழைய டொக்டர் டிஸ்பென்சரி வைத்திருந்தார். அவர் வீட்டுக்கு ஒரு அட்டைதான் போடுவார். அந்த வீட்டிலிருந்து முதலில் யார் வருகிறாரோ அவருடைய பெயர் மேலே; பிறகு கணவன், பிள்ளை, மாமியார் யாருக்கு மருந்து கொடுத்தாலும் அதே அட்டையில் எழுதிக்கொண்டு போவார். முகங்கள் எல்லாம் அவருக்குத் தெரியும், அட்டை அவருடைய ஞாபகத்துக்கு மட்டும். பகல் முறையில் வேலை செய்யும் வேலுசாமிக்கு வரிசையில் நிற்க நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் டொக்டர் அவருடைய இரத்தத்தில் சீனியின் அளவைச் சோதிப்பார். மாதாமாதம் மாத்திரையை வாங்கி வந்தது பாக்கியலெட்சுமி. இப்படி எட்டு வருடம், பாக்கியலெட்சுமி என்ற பெயருக்குக் கீழே, சீனிக்கான மாத்திரை. டொக்டர் காலமாகிவிட்டார். டிஸ்பென்சரி இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசிக் கடை.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் பாக்கியலெட்சுமி அதை லுத்பியாவிடமே கொண்டுவந்தார். நீரிழிவு நோயை மறைத்துக் காப்புறுதி எடுத்தமையால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. லுத்பியா வாசித்து முடித்துத் தமிழில் சொன்னார்.

“எனக்குச் சீனி இல்லீங்களே, ராத்தா. அது எங்கூட்டுக்காரருக்கு.”

லுத்பியா கோப்பைப் புரட்டினார். மஞ்சள் அட்டையை அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தார். பத்தே வினாடி போதுமாயிருந்திருக்கும். “இது யாருட மருந்து?” என்ற ஒரு கேள்வி. அன்று மாலையே பிஸ்கட் டின்னும் டேப்பும் ஏறின.

அதன் பிறகு நிறுவனத்துக்குத் தொலைபேசி. லுத்பியா அதிகாரிகளோடு சிங்களத்தில்தான் பேசுவார். அதுவும் அவருக்குப் போதிய அளவு வரும். மறுமுனையில் மரியாதையான ஓர் இளம் பெண். பாக்கியலெட்சுமியின் புதிய இரத்தப் பரிசோதனை லுத்பியாவின் கையில் இருந்தது. “மிஸ், லேவல சீனி நேனே” என்றார். இரத்தத்தில் சீனி இல்லையே என்று அர்த்தம். அதற்கு வந்த பதில்: மாத்திரை எடுப்பதனால்தான் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

லுத்பியா தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “நீ நனையாம நிக்கிற, அதனால ஒனக்கிட்ட கொடை ஈக்கத்தான் வேணும் எண்டு செல்றாங்க.”

தர்க்க நூல்களில் இந்தப் பிழைக்கு ஒரு பெயர் உண்டு. காப்புறுதி நிறுவனத்தில் இதற்கு இலச்சினை அச்சிட்ட கடிதத்தாள் உண்டு. முடிவெடுத்த வைத்தியர் யார்? சொல்லமாட்டார்கள். அவர் நோயாளியைப் பார்த்தாரா? தேவையில்லை. வேறொரு வைத்தியர் பார்க்கலாமா? பத்திரத்தில் அதற்கு இடமில்லை. ஒரு பெண் மூச்சு விடுவதா வேண்டாமா என்பதைப் பெயரில்லாத ஒருவர், முகம் பார்க்காமல், ஒரு மஞ்சள் அட்டையைப் பார்த்துத் தீர்மானித்துவிட்டார்.

உண்மையைச் சொல்லி முடித்துவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அப்போது கடையில் நின்ற நானும் கேட்டேன். வேலுசாமியின் பண்டகசாலையில் சீனி உள்ளவரைப் போர்க்லிப்டில் வைத்திருக்கமாட்டார்கள். மாத்திரையோடு ஒழுங்காக இருப்பவரா, அடிக்கடி மயங்குபவரா என்றெல்லாம் பார்ப்பதில்லை. அந்தச் சொல்லுக்கு அவர்களிடம் ஒரே பதில்தான். வருடாந்தப் பரிசோதனையை அவர் எப்படியோ தாண்டி வந்திருந்தார். பாக்கியலெட்சுமி லுத்பியாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“யாருக்கும் சொல்லிராதீங்க, ராத்தா. அவரு வண்டிய விட்டு எறங்குனா எங்கூடு நின்னுரும். எனக்கு ஆபரேசன் இல்லாட்டியும் பரவாயில்லீங்க.”

“சரி” என்றார் லுத்பியா. அவர் சத்தியம் செய்வதில்லை. சரி என்று சொன்னால் சரி.

சொல்ல முடியாத உண்மையை நெஞ்சில் வைத்துக்கொண்டு அவர் வேறொன்று செய்தார். சட்டத்தையே கேட்கப் போனார். காப்புறுதிச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவரப் போவதாகச் செய்தி வந்திருந்தது. மருத்துவக் காப்புறுதி பற்றி அதில் நோயாளியின் பக்கம் ஒரு வரியும் இல்லை. லுத்பியா ஒரு மனு எழுதினார். கையெழுத்து வைப்பவருக்குத் தெரிந்த மொழியில் படிவம் இருக்க வேண்டும். முகவர் அதை வாசித்துக் காட்டி, வாசித்தேன் என்று தானும் கையெழுத்து வைக்க வேண்டும். மறுத்தால், மறுத்த வைத்தியரின் பெயரோடும் காரணத்தோடும் எழுத்தில் மறுக்க வேண்டும். நோயாளி ஏற்காவிட்டால் நிறுவனத்தைச் சேராத வைத்தியர் ஒருவர் பத்து நாளுக்குள் நேரில் பார்க்க வேண்டும். நோயாளி பொய் சொன்னார் என்றால் அதை நிரூபிப்பது நிறுவனத்தின் வேலை. இவ்வளவுதான். மூன்று மொழியிலும் ஒவ்வொரு தாள். விளக்கங்களைச் சேர்த்துப் புத்தகமாகக் கட்டித் தருகிறேன் என்று ஹாஷிம் சொன்னபோது மறுத்துவிட்டார். “ரெண்டு தாளானா ரெண்டாவதத் திருப்ப மாட்டாங்க.”

புதன்கிழமைகளில் கடை மத்தியானத்தோடு பூட்டும். தோளில் துணிப்பை, பைக்குள் மனு. பஸ் ஏறி, பாராளுமன்ற உறுப்பினர்கள் மக்களைச் சந்திக்கும் இடமெல்லாம் போனார். வாங்கிக்கொள்ள எல்லோரும் தயார். “வெச்சிட்டுப் போங்க, பாக்கலாம்.” லுத்பியா நீட்டுவார், அவர்கள் பிடிப்பார்கள், லுத்பியா விடமாட்டார். “வாசிச்சுப்போட்டு எடுங்க, சேர்.” ஒரு உறுப்பினரும் அவரும் ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்தபடி அரை நிமிடம் நின்றதை நான் கண்டிருக்கிறேன். அந்தத் தாள் இன்னும் அவரிடம் இருக்கிறது, நடுவில் சிறிய கிழிசலோடு. இன்னொருவரின் செயலாளர், இந்த மனுவுக்குப் பின்னால் எத்தனை வாக்கு இருக்கிறது என்று கேட்டார். “ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடக்கிறவங்களும் வோட்டுப் போடுறாங்கதானே, மகன்,” என்றார் லுத்பியா. “உசிரோட எழும்பினா.”

கடைசியில் ஒரு வாய்ப்பு வந்தது. திருத்தத்தை ஆராயும் குழுவில் இருக்கும் உறுப்பினர் ஒருவர், ஒரு ஞாயிறு காலை கொட்டாஞ்சேனையில் மக்கள் கருத்துக் கேட்டார். பொதுமனு ஒன்று பாராளுமன்றத்துக்குப் போக வேண்டுமென்றால் உறுப்பினர் ஒருவர் கையெழுத்திட்டுச் சமர்ப்பிக்க வேண்டும். லுத்பியாவுக்கு வேண்டியது அந்த ஒரு கையெழுத்து.

மண்டபம் மேல்மாடியில். பாக்கியலெட்சுமி கீழே முதற்படியில் உட்கார்ந்துகொண்டார். “நான் இங்கயே இருக்கேன், நீங்க போயி பேசுங்க. எனக்குக் கேக்கும்.” வேலுசாமி பண்டகசாலைச் சீருடையோடு வந்து கடைசி வரிசையில் சுவரோரமாக அமர்ந்தார்.

காப்புறுதித் துறையின் சார்பில் கோட் அணிந்த ஒருவர் முதலில் பேசினார். சிலர் நோயை மறைத்துக் காப்புறுதி எடுக்கிறார்கள், அவர்களுடைய செலவையும் நேர்மையானவர்கள் சுமக்க வேண்டியிருக்கிறது என்றார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் யார் மறைத்தவர், யார் நேர்மையானவர் என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. பிறகு லுத்பியா எழுந்து தன் ஒற்றைத் தாளை வாசித்தார். பெயர் சொல்லாமல், மஞ்சள் அட்டையின் கதையையும் சொன்னார்.

உறுப்பினர் கவனமாகவே கேட்டார். “நல்ல விசயந்தான், அம்மா. ஆனா அந்த மாத்திரை அந்தப் பெண் குடிச்சதில்லை எண்டதுக்கு என்ன ஆதாரம்?”

லுத்பியா கையிலிருந்த தாளுக்குக் குனிந்தார். அவருக்குப் பதில் தெரியும். அவர் சரி என்று சொல்லியிருந்தார். விரல் தாளில் ஏற்கெனவே வாசித்த வரிகளின்மேல் மறுபடி இறங்கியது. கோட் அணிந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கடைசி வரிசையில் நாற்காலி நகரும் சத்தம்.

“அது நான் முழுங்குன மாத்திரைங்க.”

வேலுசாமி சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து உயர்த்திப் பிடித்திருந்தார். பாதி காலி. “எட்டு வருசமா முழுங்குறேன். சம்சாரம் பேருல எழுதி வாங்கியாந்தது. போர்க்லிப்ட்டு ஓட்டுறவன்ங்க நான், எங்க கம்பெனிக்கு இது தெரியாது. இப்ப தெரிஞ்சிருக்கும்.” அட்டையை மேசைப் பக்கம் நீட்டினார். “எம்பொண்டாட்டி பொய் சொல்லலீங்க. சொல்லாம இருந்தது நானு.”

மாடிப்படியின் கீழிருந்து, “ஏங்க,” என்று ஒரு குரல் வந்தது. அவ்வளவுதான் வந்தது. அதற்கு மேல் அவருக்கு மூச்சு இல்லை.

நாங்கள் எவ்வளவு கேவலமான ஓர் ஏற்பாட்டுக்குள் வாழ்கிறோம் என்று பாருங்கள். மனைவி நேர்மையானவள் என்று நிரூபிக்கக் கணவன் தன் வேலையை மேசைமேல் வைக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கோட்டுக்காரர் எதையும் வைக்க வேண்டியிருக்கவில்லை.

உறுப்பினர் தலையசைத்தார். “பாப்பம், கட்டாயம் பாப்பம்” என்று சொல்லி லுத்பியாவின் மனுவை வாங்கினார். பக்கத்திலிருந்த குவியலின்மேல், எழுத்து கீழே போகும்படி கவிழ்த்து வைத்தார். அடுத்தவர் பெயரை அழைக்க வாயெடுத்தார்.

லுத்பியா மேசைக்குப் போனார். தாளை எடுத்து நிமிர்த்தி, அவர் முன்னால் வைத்து, இரண்டு கையாலும் தடவிவிட்டார்.

“வாசிச்சுப்போட்டுக் கவுத்துங்க, சேர்.”

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். உறுப்பினர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். சுவர்க் கடிகாரத்தில் மூன்று நிமிடம். அத்தனை நேரமும் லுத்பியா நகரவில்லை. வாசித்து முடித்து, பத்து நாள் என்பது போதுமா என்று ஒரு கேள்வி கேட்டார். உண்மையாகவே வாசித்தவர்தான் அப்படிக் கேட்பார். பிறகு கையெழுத்து வைத்தார்.

அந்த வாரமே வேலுசாமியைப் போர்க்லிப்டிலிருந்து இறக்கிவிட்டார்கள். இப்போது வாசலில் நின்று வந்து போகும் லொறிகளின் இலக்கம் எழுதுகிறார். மேலதிக நேர வேலை இல்லை. காப்புறுதி நிறுவனம் கோப்பைத் திரும்பவும் கேட்டிருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை. பாக்கியலெட்சுமி மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூங்குகிறார். மனு குழுவுக்குப் போயிருக்கிறது. கொழும்பிலிருந்து மட்டும் குரல் வந்தால் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்கள், மற்ற மாவட்டங்களிலிருந்தும் உறுப்பினர்களைக் கேட்கச் சொல்லுங்கள் என்றாராம் கையெழுத்திட்டவர்.

திரும்பக் கேட்ட கோப்புக்குக் கொப்பி எடுக்க வேலுசாமியே வெள்ளவத்தைக்கு வந்தார். இந்த முறை அவருடைய இரத்தப் பரிசோதனையும் சேர்ந்திருந்தது. லுத்பியா அவர் முகத்தைப் பார்க்காமல் குண்டூசி தேடினார். வேலுசாமி முதல் தாளை எடுத்தார். மூடிமேல் தானே நிமிர்த்தி வைத்தார்.

“படிங்க, ராத்தா. நமக்கு அவசரமில்ல.”

நேற்று நான் போனபோது மனுவின் புதிய பிரதிகள் அலுமாரிமேல் அடுக்கியிருந்தன. அடியில் பெயருக்கும் கையெழுத்துக்கும் வெற்றுக் கோடுகள். ஒன்றை எடுத்துப் பேனாவைத் திறந்தேன். லுத்பியா தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

“வாசிச்சீங்களா?”

“இதன் தமிழைத் திருத்திக் கொடுத்ததே நான்தானே.”

“அது அண்டைக்கி. இண்டைக்கி வாசிச்சீங்களா?”

நின்று முழுவதும் வாசித்தேன். பிறகுதான் விட்டார்.

உங்கள் மாவட்டத்து உறுப்பினர்களின் பெயர் உங்களுக்குத் தெரியும்; தேர்தலில் அவர்களுக்குப் புள்ளடி போட்டவர்கள் நீங்கள். ஒருவருக்காவது ஒரு தாள் எழுதுங்கள். திருத்தத்தில் நோயாளிக்கும் இடம் வேண்டும் என்று கேளுங்கள். லுத்பியாவின் மனுவையே அனுப்ப விரும்பினால் கடை திறந்திருக்கிறது, பிரதிக்கு அவர் எதுவும் வாங்குவதில்லை. அதற்கு முன் அலுமாரியைத் திறந்து உங்கள் சொந்தப் பத்திரத்தை வெளியே எடுங்கள். மேசையில் நிமிர்த்தி வையுங்கள். ஒன்பதாவது கேள்விக்கு விரலைக் கொண்டு போங்கள்.